அக்டோபர் 16இல் பிறந்த கப்பல்

நாளிதழ்களில் 'வரலாற்றில் இன்று' என்று ஒரு கட்டம் வரும். அக்டோபர் 16க்கு அந்தக் கட்டம் நிரம்பி வழியும். 1793இல் பிரான்சு அரசி மரி அந்துவானெத் பாரிசில் கொல்லப்பட்டாள். 1846இல் பாஸ்டன் மருத்துவமனையில் ஈதர் கொடுத்து, நோயாளிக்கு வலி தெரியாமல் அறுவை செய்து காட்டினார்கள். 1854இல் ஆஸ்கார் வைல்டு பிறந்தார். 1945இல் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு தொடங்கியது. உலக உணவு நாள் அதனால் வந்தது. 1948இல் ஹேமமாலினி, 1990இல் இசையமைப்பாளர் அனிருத் பிறந்தார்கள்.

அந்துவானெத்துக்கும் அனிருத்துக்கும் என்ன உறவு? தேதியைத் தவிர ஒன்றுமில்லை.

அதே கட்டத்தில் இன்னும் மூன்று வரிகள் உண்டு. 1799: கயத்தாறில் கட்டபொம்மன் முடிவு. 1905: வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. 1906: வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு. கயத்தாறும் தூத்துக்குடியும் இன்று ஒரே மாவட்டம். வங்காளமோ வெகுதொலைவில் கிடக்கிறது. இந்த மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பவர்களுக்கு ஏதோ தெய்வச்செயல் போலத் தோன்றும். மேடைப் பேச்சுக்கு நல்ல தீனி.

ஆனால் ஒரே தேதியில் நடந்துவிட்டதால் மட்டும் இரண்டு நிகழ்ச்சிகள் உறவாகிவிடா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஏதாவது போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சரக்கோ, ஓர் ஆளோ, ஒரு கதையோ நடுவில் பயணம் செய்திருக்க வேண்டும். 'காலியா' என்ற கப்பலின் வழியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த மூன்று வரிகளில் எது எதோடு உண்மையில் கட்டுண்டது, எது பிற்பாடு கட்டப்பட்டது என்பது தெரிந்துவிடும்.

சங்கு போன வழி

தூத்துக்குடிக்கு முத்தால் பெயர். ஆனால் முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடக்கிற தொழிலாக ஒருபோதும் இருந்ததில்லை. கடலுக்கடியில் உள்ள பார்களில் சிப்பி விளைந்தால்தான் குளிப்பு. விளையாத காலங்களில் பல ஆண்டுகள் சும்மா போய்விடும். அந்த இடைவெளியில் பரதவர் வீட்டு அடுப்பை எரியவிட்டது சங்கு. மூச்சடக்கி இறங்கி, மணல் தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும் சங்கைப் பொறுக்கி மேலே வருவது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்த வேலை. முத்தைப் போலவே சங்கும் அரசாங்கத்தின் உரிமை. குளித்தவனுக்குக் கூலி, சங்கு சர்க்கார் கிடங்குக்கு.

அங்கிருந்து அது எங்கே போயிற்று? வங்காளத்துக்கு. அங்கே மணமான இந்துப் பெண்ணின் கையில் வெள்ளைச் சங்கு வளையல் இருக்க வேண்டும். நம் ஊர்த் தாலியைப் போல அது சுமங்கலித்துவத்தின் அடையாளம். மன்னார் வளைகுடாவின் சங்கு கல்கத்தாவில் இறங்கி, டாக்காவில் சங்கறுக்கும் கைவினைஞர் கைக்குப் போய், அரைவட்ட வாளால் அறுபட்டு வளையலாகும். டாக்காவில் அவர்களுக்கென்றே சங்காரி பஜார் என்று ஒரு தெரு உண்டு. தூத்துக்குடியில் முத்து, சங்குக் குளிப்பைக் கவனித்துக்கொண்ட ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் இந்தச் சங்கைப் பற்றி ஒரு தனி நூலே எழுதினார்.

1905 அக்டோபர் 16 அன்று கர்சன் பிரபுவின் பிரிவினை நடைமுறைக்கு வந்தபோது, சங்கு இறங்கும் கல்கத்தா ஒரு மாகாணத்திலும் சங்கு அறுபடும் டாக்கா இன்னொரு மாகாணத்திலும் ஆயின. புதிதாக முளைத்த கிழக்கு வங்காள-அஸ்ஸாம் மாகாணத்துக்கு டாக்காவே தலைநகர். அன்று வங்காளத்தில் வீட்டுக்கு வீடு அடுப்பு மூட்டவில்லை. தாகூர் முன்னின்று அழைக்க, இந்துவும் முஸ்லிமும் ஒருவர் கையில் ஒருவர் ராக்கிக் கயிறு கட்டிக்கொண்டார்கள். அன்னியத் துணி எரிந்தது. சுதேசி இயக்கம் ஊரூராகப் பரவியது.

சங்கு தெற்கிலிருந்து வடக்கே போன அதே கடற்கரை வழியாக இப்போது வேறொன்று வடக்கிலிருந்து தெற்கே வந்தது. எரிப்பதற்குத் தூத்துக்குடியில் சீமைத் துணி எவ்வளவு இருந்ததோ, அதைவிடப் பெரிய சீமைப் பொருள் ஒன்று அந்த ஊரின் கடலில் தினமும் நின்றுகொண்டிருந்தது. அது கப்பல்.

பத்திரம் முதலில், கப்பல் பிறகு

தூத்துக்குடி-கொழும்பு வழி அன்று தென்னிந்தியாவின் உயிர்நாடிகளுள் ஒன்று. 1870களில் மணியாச்சி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் வந்துவிட்டது. சென்னையில் ஏறுபவர் தூத்துக்குடியில் இறங்கி, நீராவிக் கப்பல் ஏறி, கொழும்பில் கால் வைப்பார். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலியாள், புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் வியாபாரி, அரிசி மூட்டை, கருவாடு, வெங்காயம் எல்லாமே அந்த வழிதான். அந்த வழியைக் கையில் வைத்திருந்தது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி. தூத்துக்குடியில் அதன் ஏஜெண்டுகள் ஏ. அண்டு எஃப். ஹார்வி. கோரல் மில்லும் அவர்களுடையதே. கரையில் ஆலை, கடலில் கப்பல். இரண்டிலும் ஒரே கை.

ஒட்டப்பிடாரத்தில் வக்கீலாக இருந்து 1900 வாக்கில் தூத்துக்குடிக்குத் தொழிலை மாற்றிக்கொண்ட வ.உ.சி. இந்தக் கணக்கை நன்றாக அறிந்தவர். கைத்தறி, பண்டகசாலை என்று சுதேசி முயற்சிகள் பலவற்றை அவர் தொடங்கிப் பார்த்தார். ஆனால் அந்த ஊரில் சுதேசி என்ற சொல்லுக்கு முழுப் பொருள் வேண்டுமானால் அது கடலில் ஓட வேண்டும்.

1906 அக்டோபர் 16 அன்று சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாயிற்று. வங்காளம் பிரிக்கப்பட்டுச் சரியாக ஓராண்டு. மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்கு. பாலவநத்தம் ஜமீன்தாரும் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவருமான பாண்டித்துரைத் தேவர் தலைவர். வ.உ.சி. துணைச் செயலாளர். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருவரே 8,000 பங்கு வாங்கினார். அதாவது 2 லட்சம் ரூபாய். மூலதனத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பங்குகள் இந்தியர், இலங்கையர் முதலான ஆசியருக்கு மட்டுமே என்பது விதி. கப்பல் ஓட்டுவதோடு நிற்காமல் ஆசிய மக்களுக்கு மாலுமித் தொழிலும் கப்பல் கட்டும் கலையும் கற்பிப்பதும் கம்பெனியின் நோக்கங்களில் எழுதப்பட்டிருந்தது. வங்காளத்தில் கயிற்றில் கட்டிய ஒற்றுமையைத் தூத்துக்குடி பங்குப் பத்திரத்தில் கட்டியது. தமிழ்ப் புலவர்களைப் பேணிய ஜமீன்தார், முஸ்லிம் வணிகர், சைவ வேளாள வக்கீல் மூவரும் ஒரே பதிவேட்டில் இருந்தார்கள்.

கம்பெனி பிறந்துவிட்டது. கப்பல்? ஒன்றுகூட இல்லை.

இரவல் கப்பல்

தொடக்கத்தில் பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் கப்பல் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி ஷா லைன் மேல் நெருக்கடி கொடுத்தது. வாடகை ஒப்பந்தம் முறிந்தது. சரக்கை ஏற்றிவிட்டு இறக்க இடமில்லாமல் தவிக்கிற நிலை. உடனே இலங்கையில் ஒரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வ.உ.சி. அப்போதைக்குச் சமாளித்தார். இரவல் கப்பலில் சுயராஜ்யம் ஓடாது என்பது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

சொந்தக் கப்பலுக்குப் பணம் திரட்ட வ.உ.சி. வடக்கே புறப்பட்டார். கப்பலோடு திரும்புவேன், இல்லையென்றால் கடலில் விழுந்து உயிரை விடுவேன் என்று அவர் சபதம் செய்ததாக ஊரில் இன்றும் சொல்வார்கள். பம்பாயில் பணம் கிடைத்தது, ஆட்களும் கிடைத்தார்கள். அங்கே வாங்கிய கப்பல்தான் எஸ்.எஸ். காலியா. இன்னொரு கப்பலான எஸ்.எஸ். லாவோவை வாங்கக் கம்பெனியின் சார்பில் வேதமூர்த்தி என்பவர் பிரான்சு சென்றார்.

1907 மே மாதம் காலியா தூத்துக்குடிக்கு வந்தது. 'வந்தது' என்றால் கரைக்கு வந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். தூத்துக்குடிக் கடல் கரையோரம் ஆழமில்லாதது. பெரிய கப்பல் மைல்கணக்கில் தள்ளி நங்கூரம் போடும். ஆளும் சரக்கும் தோணியிலும் நீராவிப் படகிலும் போய்ச் சேர வேண்டும். அக்காலத்தில் எந்தப் பெரிய கப்பலும் தூத்துக்குடிக் கரையைத் தொட்டதில்லை. ஆகவே காலியாவை முதன்முதலில் அருகில் பார்த்தவர்கள் வக்கீல்களும் ஜமீன்தார்களும் அல்லர், தோணிக்காரர்கள். சங்கு எடுத்தவர்களின் உறவுக்காரர்களே கப்பலுக்குச் சரக்கு ஏற்றினார்கள். காலியாவும் லாவோவும் ஒவ்வொன்றும் முதல் வகுப்பில் 42 பேர், இரண்டாம் வகுப்பில் 24 பேர், சாதாரண வகுப்பில் 1,300 பேர் ஏறக்கூடியவை. எண்களைப் பார்த்தாலே தெரியும், இது யாருக்கான கப்பல் என்று. சென்னையிலிருந்து பாரதியின் 'இந்தியா' பத்திரிகை கப்பல்களைக் கொண்டாடி எழுதியது.

குடை கொடுத்த கம்பெனி

அதற்குப் பிறகு நடந்தது கட்டணப் போர். கொழும்புக்குப் போகும் கட்டணத்தை வெள்ளைக்காரக் கம்பெனி ஒரு ரூபாய்க்கு இறக்கியது. சுதேசிக் கம்பெனி எட்டணா என்றது. அதற்கு வெள்ளைக்காரக் கம்பெனி சும்மாவே ஏற்றிக்கொள்வோம், கூடவே ஒரு குடையும் தருவோம் என்றது. இந்தக் குடைக் கதை வ.உ.சி.யின் வரலாற்றில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனால் அதன் பொருளாதாரத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை. கல்கத்தாவில் தொடங்கி ஆசியக் கடல் முழுவதும் பல வழிகளில் லாபம் ஈட்டிய ஒரு கம்பெனி, ஒரே ஒரு வழியில் நட்டத்தை எத்தனை நாளும் தாங்கும். ஒரே வழியை நம்பிய கம்பெனி தாங்காது. குடை தூத்துக்குடியில் கொடுக்கப்பட்டது; அதன் விலை வேறு கடல்களில் வசூலாயிற்று.

அப்படியும் பயணிகள் சுதேசிக் கப்பலைத் தேடிப் போனார்கள். அப்போது சர்க்காரும் தராசின் ஒரு தட்டில் ஏறி உட்கார்ந்தது. சுங்கம், மருத்துவச் சோதனை என்ற பெயரில் சுதேசிக் கப்பலின் பயணிகளுக்குத் தடை மேல் தடை வந்தது. இணை மாஜிஸ்திரேட்டாக இருந்த ஆஷ் துரையின் பெயர் இந்தக் காலத்தில்தான் ஊர் வாயில் விழுகிறது.

1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். கப்பலில் தோற்கடிக்க முடியாத அதே ஹார்விகளை ஆலையில் பணியவைத்த வெற்றி அது. கூலி உயர்ந்தது. சர்க்காருக்கு அது பொறுக்கவில்லை.

கைதுக்குக் காரணமாக அமைந்ததும் வங்காளமே. வங்காளத் தலைவர் விபின் சந்திர பாலர் 1908 மார்ச் 9 அன்று சிறையிலிருந்து விடுதலையாவதைத் திருநெல்வேலிச் சீமை கொண்டாட விரும்பியது. தடையை மீறி ஊர்வலமும் கூட்டமும் நடந்தன. மார்ச் 12 அன்று வ.உ.சி., சிவா, அவர்களுடைய தோழர் பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தார்கள். ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் அவர் பட்ட பாட்டையும், செக்கிழுத்ததையும் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள்.

ஓட்டியவர் உள்ளே போனபின் கப்பல் எத்தனை நாள் ஓடும்? பங்குதாரர்கள் ஒதுங்கினார்கள், கடன் ஏறியது. 1911இல் கம்பெனி கலைக்கப்பட்டது. எந்தக் கம்பெனிக்கு எதிராக வாங்கினார்களோ அந்தக் கம்பெனியின் கைக்கே கப்பல் போயிற்று. அந்த ஆண்டு ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டான். டிசம்பர் 12 அன்று டில்லி தர்பாரில் அரசர் வங்கப் பிரிவினையை ரத்து செய்தார். 1905 அக்டோபர் 16 அன்று போட்ட கோட்டை அழித்துவிட்டார்கள். 1906 அக்டோபர் 16 அன்று எழுதிய கம்பெனியும் அதே ஆண்டில் அழிந்தது. 1912 டிசம்பர் 24 அன்று வ.உ.சி. விடுதலையானபோது அவருக்குக் கப்பல் இல்லை; வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது.

இதோடு ஒரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1914 பிப்ரவரியில் பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. கொழும்பு செல்லும் ரயில் பயணிகள் தனுஷ்கோடி-தலைமன்னார் வழிக்கு மாறினார்கள். 'போட் மெயில்' தூத்துக்குடியை விட்டுவிட்டது. ஆக, இரண்டு கம்பெனிகளும் குடைபிடித்துச் சண்டையிட்ட அந்தப் பயணி வழி, இன்னும் ஏழே ஆண்டில் தன் முதன்மையை இழக்கவிருந்த வழி. சுதேசிக் கம்பெனி பிழைத்திருந்தால் வேறு துறைமுகங்களைத் தேட வேண்டியிருந்திருக்கும். அதன் நோக்கங்களில் மற்றத் துறைமுகங்களையும் சேர்த்து எழுதியவர்கள் தொலைநோக்கு உள்ளவர்களே.

கயத்தாறு எப்போது சேர்ந்தது?

1905க்கும் 1906க்கும் இடையே பாதை தெளிவாக இருக்கிறது: சுதேசி என்ற எண்ணம், விபின் சந்திர பாலர், அந்தக் கைது. 1799க்கும் 1906க்கும்?

கிழக்கிந்தியக் கம்பெனியின் படைத்தலைவர் பானர்மன் 1799 செப்டம்பரில் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிய கட்டபொம்மன் புதுக்கோட்டைப் பகுதியில் பிடிபட்டார். அக்டோபர் 16 அன்று கயத்தாறில், மற்றப் பாளையக்காரர்களைக் கூட்டிவைத்து அவர்கள் கண்ணெதிரே விசாரணை என்று ஒன்று நடந்தது. முடிவு தூக்கு. சில நூல்கள் தூக்கை அடுத்த நாளுக்கு வைக்கின்றன. நினைவு நாளாக நிலைத்திருப்பது அக்டோபர் 16. இந்திய அஞ்சல் துறை அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டதும் 1999 அக்டோபர் 16 அன்றே.

இந்தத் தேதி ஒற்றுமை ஆங்கில நாள்காட்டியில் மட்டுமே இருக்கிறது. நம் சூரிய ஆண்டு கிரிகோரியன் ஆண்டைவிடச் சில நிமிடங்கள் நீளம். போதாததற்கு 1800, 1900 இரண்டும் அங்கே லீப் ஆண்டு இல்லை. அதனால் தமிழ் மாதப் பிறப்பு நூற்றாண்டுக்கு நூற்றாண்டு தள்ளிக்கொண்டே போகிறது. 1799இல் அக்டோபர் 16 வந்தபோது ஐப்பசி பிறந்துவிட்டது. 1906இல் அதே அக்டோபர் 16 புரட்டாசியும் ஐப்பசியும் சந்திக்கிற எல்லையில் நிற்கிறது. பஞ்சாங்கம் பார்த்துத் திதி கொடுக்கிற வீட்டில் இரண்டும் ஒரே நாளாகாது. வங்காளிகளும் பிரிவினை நாளை ஆசுவின மாதம் 30 என்றே நினைவில் வைத்தார்கள். ஆக, அதிசயம் என்று நாம் வியக்கிற ஒற்றுமை, கம்பெனிக்காரன் கொண்டுவந்த நாள்காட்டி நமக்குக் கொடுத்தது!

அப்படியானால் கட்டபொம்மனுக்கும் கப்பலுக்கும் உறவே இல்லையா? உண்டு. கரிசல் காட்டில் நூறாண்டுக்கு மேலாகக் கட்டபொம்மு கதைப்பாடலும் கும்மியும் வழங்கிவந்தன. வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்திலிருந்து பாஞ்சாலங்குறிச்சி சில கிலோமீட்டர்தான். அந்தக் காற்றைச் சுவாசிக்காமல் அங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. ஆனால் கயத்தாறையும் காலியாவையும் தமிழர் எல்லோர் மனத்திலும் அக்கம்பக்கத்தில் உட்காரவைத்தவர்கள் பிற்காலத்தவர்கள். அவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

முதலில் ம.பொ.சிவஞானம். சுதேசிக் கம்பெனி பதிவான அதே 1906இல் பிறந்தவர். 'கப்பலோட்டிய தமிழன்' என்ற பட்டத்தை நூலின் பெயராக்கி நிலைநிறுத்தியவர் அவர். கட்டபொம்மனை விடுதலை வீரராக எழுதியும் பேசியும் பரப்பியவரும் அவர். அடுத்து பி.ஆர்.பந்துலு. 1959இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' எடுத்தார். 1961இல் 'கப்பலோட்டிய தமிழன்' எடுத்தார். இரண்டிலும் நாயகன் சிவாஜி கணேசன். இரண்டுக்கும் இசை ஜி.ராமநாதன். கட்டபொம்மனாக நடித்ததற்கு சிவாஜிக்குக் கெய்ரோ ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. பிற்பாடு கயத்தாறில் நிலம் வாங்கி அவரே கட்டபொம்மனுக்குச் சிலை வைத்தார். அவர் முகத்தில்தான் இரண்டு அக்டோபர் 16களும் ஒன்றாயின. இன்றைக்கும் வ.உ.சி.யை நினைத்தாலும் கட்டபொம்மனை நினைத்தாலும் பலருக்கு முன்னால் வருவது ஒரே முகம்.

திரையில் கப்பல் ஓடிய அந்த 1961ஆம் ஆண்டில்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. இதில் எனக்குச் செய்தி எதுவும் தெரியவில்லை. ஓர் ஆண்டு, இரண்டு நிகழ்ச்சி. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எதுவும் போகவில்லை. தற்செயலைத் தற்செயல் என்று விட்டுவிடுவதும் வரலாற்றுக்குச் செய்கிற மரியாதை.

ஐந்தாம் தேதியின் நெருக்கடி

இந்தக் கதையில் இன்னொரு தேதியும் இரட்டையாக வருகிறது. வ.உ.சி. பிறந்தது 1872 செப்டம்பர் 5. பானர்மன் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை வந்து சூழ்ந்தது 1799 செப்டம்பர் 5. கோட்டையைச் சூழ்ந்த நாளில், எழுபத்து மூன்று ஆண்டு கழித்து, பக்கத்து ஊரில் ஒரு பிள்ளை பிறந்தது.

ஆனால் செப்டம்பர் 5 என்றதும் தமிழ்நாட்டுப் பள்ளிக்கூடத்தில் யார் நினைவுக்கு வருகிறார்? திருத்தணியில் 1888இல் பிறந்த டாக்டர் ராதாகிருஷ்ணன். அவர் குடியரசுத் தலைவரான 1962 முதல் அது ஆசிரியர் தினம். பிள்ளைகள் ஆசிரியருக்குப் பூவும் பேனாவும் கொடுக்கிற நாளில், கப்பல் ஓட்டியவரின் பிறந்தநாள் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு வாக்கியமாகச் சுருங்கிவிடும். இதில் ராதாகிருஷ்ணன் மேல் குற்றம் இல்லை. ஒரு தேதிக்குள் எத்தனை பேரையும் அடைக்கலாம். நினைவு எல்லோருக்கும் சமமாக இடம் கொடுக்காது. நூற்றாண்டுக்கு 1972இல் அஞ்சல்தலை வந்தது. 2021இல் 150ஆம் பிறந்தநாளைத் தமிழ்நாடு அரசு ஆண்டு முழுவதும் கொண்டாடியது. நூற்றாண்டும் நூற்றைம்பதும் வந்தால்தான் ஐந்தாம் தேதியில் அவருக்குத் தனி நாற்காலி.

இதே நெருக்கடிக்கு எதிர்ப்புறம் ஒன்றும் உண்டு. 1978 அக்டோபர் 16 அன்று ரோமில் போலந்துக்காரர் ஒருவர் போப்பாண்டவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் ஜான் பால் என்று பெயர் சூட்டிக்கொண்ட அவர், 1982இல் தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தைப் பசிலிக்காவாக உயர்த்தினார். பரதவர்களின் தாய் என்று அவர்கள் கொண்டாடுகிற மாதா அவள். ஆகஸ்ட் 5 அவள் திருநாள். இந்த அக்டோபர் 16க்கும் தூத்துக்குடிக்கும் இடையே தெளிவான பாதை இருக்கிறது. ஒரு கையெழுத்து ரோமிலிருந்து கடற்கரைக்கு வந்தது. ஆனால் எந்தப் பட்டியலும் இதை அந்த மூன்று வரிகளோடு சேர்ப்பதில்லை. பாதை இருந்தும் கதை சொல்ல ஆளில்லை என்றால் தேதி ஊமையாகவே கிடக்கும்.

கம்பெனி எழுதிவைத்த நோக்கங்கள்

1936 நவம்பர் 18 அன்று வ.உ.சி. தூத்துக்குடியில் காங்கிரஸ் அலுவலகத்தில் காலமானார். கப்பல் போய் இருபத்தைந்து ஆண்டு ஆகியிருந்தது. அதன் பிறகு கப்பலின் இடத்தைப் பெயர் எடுத்துக்கொண்டது. 1974 ஜூலை 11 அன்று தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. மைல்கணக்கில் தள்ளி நின்ற கப்பல்கள் இப்போது கரையோடு அணைந்து நிற்கின்றன. 2011இல் அது வ.உ.சிதம்பரனார் துறைமுகம் ஆனது. ஆ.இரா.வேங்கடாசலபதி போன்ற ஆய்வாளர்கள் பத்திரங்களையும் கடிதங்களையும் தோண்டி எடுத்து அந்தக் கம்பெனியின் கதையை மீண்டும் எழுதினார்கள்; திருநெல்வேலி எழுச்சி பற்றிய வேங்கடாசலபதியின் நூல் 2024இல் சாகித்திய அகாதமி விருது பெற்றது.

பெயர் வைத்த அதே 2011இல், ஜூன் மாதம், தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குப் பயணிகள் கப்பல் ஒன்று மறுபடி புறப்பட்டது. நவம்பருக்குள் நின்றுவிட்டது. காரணங்கள் 1907இன் காரணங்கள் அல்ல. இம்முறை யாரும் யாருக்கும் குடை கொடுக்கவில்லை. பயணிகள் போதவில்லை, செலவு கட்டவில்லை. சிங்களத் தீவுக்கு இன்று விமானம் ஒரு மணி நேரப் பயணம்.

1906 அக்டோபர் 16 அன்று கம்பெனி எழுதிய நோக்கங்களை இன்றைக்கு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம். ஆசியர்களுக்கு மாலுமித் தொழில் கற்பிப்பது: நடந்துவிட்டது, தூத்துக்குடியிலேயே அதற்குக் கல்வி நிலையம் இருக்கிறது, தென்மாவட்டப் பையன்கள் உலகக் கடல்களில் வேலை பார்க்கிறார்கள். மற்ற நாட்டுத் துறைமுகங்களோடு வாணிபம்: நடக்கிறது, கன்டெய்னர் கப்பல்கள் போகாத திசையில்லை, தோணிகள் இன்றும் மாலத்தீவுக்கு அரிசியும் காய்கறியும் செங்கலும் ஏற்றிப் போகின்றன. ஆசியர் பணத்தில் ஆசியர் கப்பல்: அதில் பாதி நடந்திருக்கிறது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சாதாரண வகுப்பில் 1,300 பேரை ஏற்றிப் போகும் கப்பல்: இல்லை. ஹாஜி முகமது பக்கீர் சேட்டும் பாண்டித்துரைத் தேவரும் 25 ரூபாய் பங்கு வாங்கிய சாதாரண மனிதர்களும் முதலாவதாகக் கேட்டது அந்தக் கடைசி ஒன்றைத்தான்.